மலைநாட்டுக் குளிருக்கு ஒரு டிரை ஜின்: போத்தல் தெரிவும் கலவைக் கணக்கும்

நுவரெலியாவிலோ ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு வைன் ஸ்டோர்ஸ் தட்டைப் பாருங்கள். முக்கால்வாசி சாராயம், மிச்சம் பியரும் விஸ்கியும். ஜின்னுக்குக் கிடைப்பது ஓர் ஓரம், அதில் நான்கைந்து போத்தல் நிற்கும். எதை எடுப்பது என்று கேட்டால் கடைக்காரர் விலையைச் சொல்வார். கூடிப்போனால் "இது நல்லா ஓடுது" என்பார். வீட்டில் மார்ட்டினி, நெக்ரோனி, கிம்லெட் என்று பழைய கொக்டெயில்களை ஒழுங்காகக் கலக்க நினைப்பவருக்கு இந்தத் தகவல் போதாது.

எங்கள் பரிந்துரை இதுதான். ஒரே ஒரு போத்தல் வாங்குங்கள். லேபிளில் 'லண்டன் டிரை' என்று இருக்கட்டும். மதுசார அளவு 43க்கும் 47 சதவீதத்துக்கும் இடையில் இருக்கட்டும். திறந்து முகர்ந்தால் ஜின்னுக்கு அடிப்படை மணம் தரும் ஜூனிப்பர் காய்தான் முதலில் வர வேண்டும், மற்றதெல்லாம் அதன் பின்னால்தான். ரோஜா, ஸ்ட்ராபெரி, ஊதா நிறம் என்று வரும் ஜின்களை டொனிக்கோடு குடிக்கலாம், குற்றமில்லை. நெக்ரோனியில் சேரும் கம்பாரி மதுவின் கசப்பையும் தேசிக்காயின் புளிப்பையும் எதிர்த்து நிற்கும் பலம் அவற்றுக்குக் கிடையாது. விலை கூடிய போத்தல் என்பதற்காக நல்ல நெக்ரோனி வந்துவிடாது.

லண்டன் டிரை என்றால் லண்டனில் வடித்தது என்று அர்த்தமில்லை. அது செய்முறையின் பெயர், உலகில் எங்கும் செய்யலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/787 இலக்க ஒழுங்குவிதிப்படி, வாசனை முழுவதும் இயற்கையான தாவரப் பொருட்களோடு சேர்த்து மறுபடி வடிப்பதிலிருந்தே வர வேண்டும். வடித்த பின் எசன்ஸும் நிறமும் சேர்க்கக் கூடாது. சீனி லீட்டருக்கு 0.1 கிராமைத் தாண்டக் கூடாது. போத்தலில் மதுசாரம் குறைந்தது 37.5 சதவீதம் இருக்க வேண்டும். வெறுமனே 'ஜின்' என்று மட்டும் எழுதியிருந்தால், நடுநிலை ஸ்பிரிட்டில் வாசனைச் சாறு கலந்ததாகவும் இருக்கலாம். ஹென்ட்ரிக்ஸ் நல்ல ஜின்தான், ஆனால் வெள்ளரியையும் ரோஜாவையும் வடித்த பிறகு சேர்ப்பதால் லண்டன் டிரை வகைக்குள் வராது. 'ஓல்ட் டொம்' இனிப்பானது. அதை வாங்கிக்கொண்டு வந்து மார்ட்டினி கலந்தால் பிழை உங்கள் கையில் இல்லை, போத்தலில்.

இனி அந்த மதுசார எண். ஒரே பெயர், ஒரே நிறப் போத்தல், ஆனால் நாட்டுக்கு நாடு பலம் வேறு. டாங்கரே சில நாடுகளில் 43.1, அமெரிக்காவில் 47.3. பொம்பே சஃபயர் ஓரிடத்தில் 40, இன்னோரிடத்தில் 47. கோர்டன்ஸ் பிரித்தானியாவில் 37.5 மட்டுமே. வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்களிடம் கட்டுநாயக்க டியூட்டி ஃப்ரீயில் வாங்கச் சொல்லும்போது பெயரை மட்டும் சொல்லி விடாதீர்கள், எண்ணையும் சொல்லுங்கள். இரண்டு போத்தல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சிறு எழுத்தில் உள்ளதை வாசித்து எடுக்கச் சொல்லுங்கள்.

இந்த ஒன்பது பத்து சதவீதத்துக்கு ஏன் இவ்வளவு பேச்சு? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மார்ட்டினிக்கு 60 மி.லீ. ஜின், 18 சதவீத டிரை வெர்மூத் (மூலிகை சேர்த்த வைன்) 15 மி.லீ. ஐஸ் போட்டுக் கலக்கும்போது 30 மி.லீ. தண்ணீர் சேரும். மொத்தம் 105 மி.லீ. ஜின் 47 ஆனால் கிளாஸில் இருப்பது கிட்டத்தட்ட 29 சதவீதம், 37.5 ஆனால் 24. பலம் மட்டுமா குறைகிறது? ஜூனிப்பர் எண்ணெய்கள் மதுசாரத்தில்தான் கரைந்து நிற்கும். வடித்த ஜின்னைப் போத்தலில் அடைக்குமுன் எவ்வளவு தண்ணீர் விட்டிருக்கிறார்களோ, அவ்வளவுக்கு எண்ணெயும் ஐதாகியிருக்கும். அதன்மேல் நாம் இன்னொரு தடவை தண்ணீர் சேர்க்கிறோம். 37.5 ஜின்னில் கலந்த மார்ட்டினி சப்பென்று இருப்பது இதனால்தான். வெர்மூத்தைக் குறைத்தும் அதைச் சரிசெய்ய முடியாது.

கணக்கு என்று வந்ததால் ஒரு எச்சரிக்கையும். 47இல் கலந்த ஒரு மார்ட்டினியில் ஏறக்குறைய 31 மி.லீ. தூய மதுசாரம் இருக்கிறது. 33.5 சதவீதச் சாராயத்தில் இது 90 மி.லீ.க்குச் சமம், அதாவது கால் போத்தலில் பாதி. சின்னக் கிளாஸைப் பார்த்து ஏமாந்து மூன்றாவதைக் கேட்கிறவர்கள் அதிகம். ரம்பொடை வளைவுகளில் வண்டி ஓட்ட வேண்டியவருக்கு ஒன்றுகூட ஊற்றாதீர்கள்.

முகர்ந்து பார்ப்பது

போத்தலைத் திறந்ததும் அப்படியே முகர்ந்தால் மதுசாரக் காரம் மூக்கை அடைத்துவிடும், ஒன்றும் பிடிபடாது. 20 மி.லீ. ஜின்னோடு 20 மி.லீ. தண்ணீர் சேர்த்து, கிளாஸை ஒரு சோசரால் மூடி ஐந்து நிமிடம் வையுங்கள். ஐஸ் வேண்டாம். பிறகு மூடியை எடுத்து முகருங்கள்.

ஜூனிப்பரைக் கண்டதில்லையே என்பவர்களுக்கு மலைநாட்டில் ஒரு வசதி உண்டு. தேயிலை கைவிட்ட சரிவுகளில் நட்ட பைன் காடுகள் எங்கும் நிற்கின்றன. பைன் ஊசியிலை நான்கைப் பறித்து விரலால் கசக்குங்கள். அந்தப் பச்சைப் பிசின் மணத்தைத் தரும் பைனீன் என்ற சேர்மம்தான் ஜூனிப்பரிலும் முன்னிற்கிறது. ஜின்னில் அது முதல் மூச்சிலேயே சுத்தமாக வர வேண்டும். டர்பன்டைன் டின்னைத் திறந்த மாதிரி வந்தால் மட்டமான சாறு. அடுத்து வருவது கொத்தமல்லி விதை, எலுமிச்சைத் தோலை நினைவுபடுத்தும் காரமான மணம். அதற்கும் கீழே மண்வாசமாக ஏஞ்சலிக்கா வேர், ஓரத்தில் லேசான இனிப்பாக அதிமதுரம். டாங்கரே போத்தலில் இருப்பவை இந்த நான்கும் மட்டுமே. நான்கே பொருள் போட்டு 1830களிலிருந்து நிற்கிறார்கள். லேபிளில் முப்பது மூலிகைப் பெயர் இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

தண்ணீர் சேர்த்ததும் லேசாக மங்கினால் பயப்படாதீர்கள், எண்ணெய் நிறைய இருக்கிறது என்று பொருள். பிறகு இரண்டு சொட்டு ஜின்னை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்துக் காயவிடுங்கள். கை பிசுபிசுத்தால் சீனி சேர்த்திருக்கிறார்கள். கையில் மிஞ்சும் மணம் ஜூனிப்பரா, வனிலாவா என்பதும் அப்போது தெரியும்.

வாங்கும்போது மதுவரித் திணைக்களத்தின் ஸ்டிக்கர் மூடியில் கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளூர் ஜின்னில் கால் போத்தல் கிடைத்தால் முதலில் அதை எடுத்து இந்தச் சோதனையைச் செய்துவிட்டு முழுப் போத்தலுக்குப் போகலாம். போயா தினத்தில் கடை பூட்டு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை போயா வருகிற வாரங்களில் வியாழன் மாலைக் கூட்டத்தில் நின்று லேபிள் வாசிக்க முடியாது.

எந்தக் கலவைக்கு எது

நெக்ரோனியில் ஜின், கம்பாரி, சிவப்பு இனிப்பு வெர்மூத் மூன்றும் 30 மி.லீ. வீதம். கம்பாரி சும்மா இருக்காது, சீனியும் கசப்புமாக வந்து மற்றதை மூடிவிடும். இங்கே ஜூனிப்பர் கனத்த டாங்கரே, பீஃபீட்டர் போன்றவை நிற்கும். பீஃபீட்டரில் மூலிகைகளை 24 மணி நேரம் ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிக்கிறார்கள், அந்தக் கனம் கலவையில் தெரியும். பொம்பே சஃபயரில் ஆவி மூலிகைக் கூடைகளின் ஊடாகப் போய் வாசனையை எடுத்துவருகிறது, அதனால் மென்மை. மார்ட்டினியில் அது அழகு, நெக்ரோனியில் காணாமல் போய்விடும். கையில் இருப்பது 40 சதவீத ஜின் என்றால் 30க்குப் பதில் 40 மி.லீ. ஊற்றுங்கள், கம்பாரியையும் வெர்மூத்தையும் கூட்ட வேண்டாம்.

நம் நாட்டு ஜின்னைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ரொக்லண்ட் நிறுவனத்தின் கொழும்பு நம்பர் 7, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெளிநாட்டு மூலிகைகள் வராமல் போனபோது உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்து உருவான செய்முறையிலிருந்து வருகிறது. ஜூனிப்பர், கொத்தமல்லி, ஏஞ்சலிக்கா, அதிமதுரம் என்ற வழக்கமான நான்கோடு கறுவா, இஞ்சி, கறிவேப்பிலை. கிம்லெட்டுக்கும் கொலின்ஸுக்கும் டொனிக்குக்கும் இதைத் தயங்காமல் சொல்லலாம், தேசிக்காயும் கறிவேப்பிலையும் ஒன்றையொன்று அறியாதவை அல்லவே. நெக்ரோனியில் இஞ்சியும் கறுவாவும் ஒரு சூட்டைத் தருகின்றன. சிலருக்கு அது பிடிக்கும். மார்ட்டினிக்கு மட்டும் இது முதல் தெரிவு அல்ல. அங்கே மறைய இடமில்லாததால் கறிவேப்பிலை கொஞ்சம் தூக்கலாக நிற்கும். வெர்மூத்தை 10 மி.லீ.க்குக் குறைத்து மஞ்சள் லெமன் தோலைப் பிழிந்தால் சமாளிக்கும்.

டொம் கொலின்ஸ் போன்ற நீளமான பானங்களுக்கு விலை கூடிய ஜின் வீண்செலவு. உள்ளூர் டிரை ஜின் 50 மி.லீ., தேசிக்காய்ச் சாறு 20, சீனிப்பாகு 20, சோடா 90. முதல் மூன்றையும் ஐஸோடு குலுக்கி, புது ஐஸ் போட்ட உயரக் கிளாஸில் வடித்து, சோடாவைக் கடைசியில் ஊற்றுங்கள். மூலச் செய்முறையில் வருவது மஞ்சள் லெமன். நம் தேசிக்காய் அதைவிடக் கூர்மையாக இருப்பதால் 25 என்று எழுதியிருக்கும் இடத்தில் 20 போதும். பாகுக்கு வெள்ளைச் சீனியும் தண்ணீரும் நிறையில் சமம். கொதிக்கவைக்கத் தேவையில்லை, வெந்நீரில் கரைந்தால் சரி. சிவப்புச் சீனி போட்டால் கரும்பு மணம் ஜின்னை மூடும்.

கிம்லெட்டுக்குத் தேசிக்காய்க் கோர்டியல் வேண்டும். கடையில் விற்பதில் பெரும்பாலும் சீனிதான். வீட்டில் செய்வது சுலபம்: எட்டுத் தேசிக்காயின் பச்சைத் தோலை, வெள்ளைப் பகுதி வராமல் மெல்லியதாகச் சீவி, 200 கிராம் சீனியோடு கையால் பிசைந்து ஐந்தாறு மணி நேரம் மூடி வையுங்கள். தோலெண்ணெய் இறங்கிச் சீனி ஈரமாகி மணக்கும். அதில் 200 மி.லீ. புதுச் சாற்றை ஊற்றி, கரையும்வரை கிளறி, வடித்து, பிரிட்ஜில் வையுங்கள். இரண்டு வாரம் நிற்கும். அடுப்பில் வைக்கவே கூடாது; சூடேறினால் சாறு கசந்து, வெந்த தோலின் வாசம் வரும். கலவைக்கு ஜின் 60, கோர்டியல் 25.

ஜின் டொனிக்குக்கும் இந்த மலைகளுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. டொனிக்கின் கசப்பு குயினைன், அது வருவது சிங்கோனாப் பட்டையிலிருந்து. 1861இல் ஹக்கல தாவரவியல் தோட்டம் தொடங்கப்பட்டதே சிங்கோனாவை இங்கே வளர்த்துப் பார்க்கத்தான். கோப்பி நோய் கண்டு அழிந்தபோது துரைமார் பலர் சிங்கோனாவுக்குத் தாவினார்கள்; எல்லோரும் நட்டதில் விலை விழுந்து, பின்னர் மலை முழுக்கத் தேயிலையானது. அந்தக் காடு வெட்டியதும் நட்டதும் பட்டை உரித்ததும் யார் கைகள் என்று மலையகத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பானத்துக்கு வருவோம்: ஜின் 50, டொனிக் 150, இரண்டும் முன்கூட்டியே குளிர்ந்திருக்க வேண்டும். நுவரெலியாவின் உயரம் 1,868 மீட்டர், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மூடியைத் திறந்ததும் வாயு வேகமாகப் பொங்கி ஓடிவிடும். பெரிய போத்தல் வாங்கி நாளைக்கு மிச்சம் வைக்காதீர்கள், சின்னதை வாங்கி ஒரே தடவையில் முடியுங்கள்.

ஐஸும் குளிரும்

எங்கோ வெளிநாட்டில் எழுதிய செய்முறை அப்படியே இங்கே சரிவராமல் போகும் இடம் இதுதான். கலக்கும்போது ஐஸ் உருகிச் சேரும் தண்ணீர் வீண் தண்ணீர் அல்ல, அது கொக்டெயிலின் ஒரு பங்கு. ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வெப்பம் வேண்டும், அந்த வெப்பம் வருவது பானத்திலிருந்தும் கிளாஸிலிருந்தும். கொழும்பில் 28 பாகையில் நிற்கும் ஜின்னைக் குளிர்விக்க உருகும் ஐஸைவிட, நுவரெலியாவில் 16 பாகையில் நிற்கும் ஜின்னுக்கு ஒரு மார்ட்டினி அளவுக்கு ஏறக்குறைய 10 மி.லீ. குறைவாகத்தான் உருகும். அதே முப்பது விநாடி கலக்கினால் பானம் குளிர்ந்திருக்கும், ஆனால் தொண்டையை எரிக்கும். கண்டியில் இந்தச் சிக்கல் பாதிதான். நுவரெலியா, கந்தப்பளை, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் நன்றாகத் தெரியும்.

சரிசெய்வது எளிது. 75 மி.லீ. ஊற்றினால் வடித்து வருவது 100 முதல் 105 மி.லீ. இருக்க வேண்டும். கலக்கும் கிளாஸாக ஒரு ஜாம் போத்தல் போதும். பரிமாறும் கிளாஸில் ஒருமுறை 105 மி.லீ. தண்ணீர் அளந்து ஊற்றி, அது எங்கே நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கலவை அந்த மட்டத்துக்கு வரவில்லை என்றால் இன்னும் பத்துப் பதினைந்து விநாடி கலக்குங்கள், அல்லது ஒரு தேக்கரண்டி குளிர்ந்த தண்ணீர் விடுங்கள். அளப்பதற்குப் பிள்ளைகளின் பாணி மருந்துப் போத்தலோடு வரும் பிளாஸ்டிக் மூடிக் கிண்ணம் மிக நல்லது, 5, 10, 15 என்று கோடு போட்டிருக்கும். வடிக்கத் தேயிலை வடி.

ஐஸ் பெரிய கட்டிகளாக, காய்ந்ததாக இருக்க வேண்டும். ப்ரீசரிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே கிடந்த ஐஸின் மேல் ஏற்கெனவே தண்ணீர் நிற்கும், அது கணக்கைக் குழப்பிவிடும். இரண்டு மூன்று கட்டி போட்டுச் சிக்கனம் பிடிப்பது எதிர்மாறான பலனைத் தரும்: ஐஸ் குறைந்தால் சீக்கிரம் உருகி, குளிருமுன் தண்ணீராகும். போத்தலின் முக்கால்வாசிக்கு நிரப்புங்கள். கருவாடும் மீனும் இருக்கும் ப்ரீசரில் திறந்த தட்டில் உறைந்த ஐஸ் அந்த வாசத்தை இழுத்துக்கொள்ளும். உறைந்ததும் மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.

விருந்துக்கு முன்கூட்டியே கலந்து ப்ரீசரில் வைக்கலாம்: 47 சதவீத ஜின் 500 மி.லீ., வெர்மூத் 100, தண்ணீர் 130. இது 35 சதவீதத்துக்குக் கிட்ட நிற்பதால் சாதாரண வீட்டு ப்ரீசரில் கட்டியாகாது, பாகு மாதிரி ஊற்றும். இதையே 37.5 ஜின்னில் செய்தால் 28 சதவீதத்துக்கு இறங்கி, ஐஸ் துகள் கட்டிக் கூழாகிவிடும். போத்தல் வாங்கும்போது பார்த்த எண் இங்கேயும் வேலை செய்கிறது.

வெர்மூத் வைன் வகை, திறந்தால் கெடும். வெளியே குளிராகத்தானே இருக்கிறது என்று அலுமாரியில் வைத்தால் காற்று பட்டு ஒக்சியேற்றம் நடக்கும். பிரிட்ஜில் வைத்து, மார்ட்டினிக்கு ஒரு மாதத்துக்குள், நெக்ரோனிக்கு இரண்டு மாதத்துக்குள் முடியுங்கள். அழுகத் தொடங்கிய ஆப்பிள் வாசம் வந்தால் சமையலுக்கு விடுங்கள். மலைநாட்டுக் கடைகளில் டிரை வெர்மூத் எப்போதும் இருக்காது. அது இல்லாத நாளில் இனிப்பு வைனை ஊற்றி மார்ட்டினி என்று சொல்லாமல், பிங்க் ஜின் கலக்குங்கள்: ஜின் 60, அங்கஸ்டுரா பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு மூன்று நான்கு சொட்டு, ஐஸோடு கலக்கி வடித்தால் முடிந்தது. வாங்கிய ஜின்னின் தரம் இதில் ஒளியாமல் தெரியும்.

தேயிலை ஊறிய ஜின்

இது பழைய கொக்டெயில் அல்ல. ஆனால் புளிப்பும் இனிப்பும் சேர்ந்த சவர் வகைக்குள் ஒழுங்காக அடங்குகிறது, கொழுந்தும் நம் வாசலிலேயே இருக்கிறது. 200 மி.லீ. ஜின்னுக்கு 5 கிராம் பீஓபீ தரத் தேயிலை. அதைவிடப் பொடியான டஸ்ட்டும் பீஓபீஎஃப்பும் வேண்டாம், அவை நிமிடக்கணக்கில் கறுத்துக் கசந்துவிடும். மதுசாரம் தண்ணீரைவிட வித்தியாசமாக இழுக்கும், சூடு தேவையில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நாக்கில் வைத்துப் பாருங்கள். அரை மணியில் நிறமும் மணமும் வந்துவிடும், முக்கால் மணியைத் தாண்ட விடாதீர்கள். நுவரெலியாத் தேயிலையின் மென்மை எலுமிச்சை மணமுள்ள ஜின்னுக்குப் பொருந்தும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்றில் காய்ந்த ஊவாத் தேயிலைக்கு ஜூனிப்பர் கனத்த ஜின்தான் ஈடுகொடுக்கும்.

தேயிலை ஜின் 50, தேசிக்காய்ச் சாறு 20, பாகு 20, பாதி முட்டையின் வெள்ளைக்கரு. முதலில் ஐஸ் இல்லாமல் பதினைந்து விநாடி குலுக்கி நுரை எழுப்பி, பிறகு ஐஸ் போட்டுப் பன்னிரண்டு விநாடி குலுக்கி வடியுங்கள். முட்டையின் புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும். அதைத் தவிர்த்தால் வாய் இழுக்கும். முட்டை அன்று வாங்கியதாக இருக்கட்டும், கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் பச்சை முட்டை சேர்த்ததைக் கொடுக்காதீர்கள். மிஞ்சிய தேயிலை ஜின்னைத் துணியில் ஒருமுறை வடிகட்டி பிரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரம் போனால் கொழுந்து மணம் இறங்கி வெறும் சாயம் மட்டும் நிற்கும்.